டியாகோ வேறு, மரடோனா வேறா?

சென்ற இதழில் வேறொரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, அர்ஜென்டினாவின் கால்பந்து வீரர் டியாகோ மரடோனாவைப் பற்றிய ஆவணப்படம் ஒன்றைப் பார்த்ததாகப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆகவே இந்த இதழின் பக்கங்களை முழுவதும் அவற்றுக்கே ஒதுக்குகிறேன்; மற்றக் கேள்விகளை அனுப்பியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்தருள வேண்டும்.

கேள்வி: இத்தனை ஆண்டுகளாக இந்தப் பகுதியைப் படித்து வருகிறேன், உங்களுக்குக் கால்பந்தில் ஆர்வம் உண்டு என்று ஒரு முறைகூட எழுதியதில்லையே? விளையாட்டின் விதிகள் தெரியாதவர்களும் இந்தப் படத்தைப் பார்க்க முடியுமா?
– வாசகி ஒருவர், காரைக்குடி

பதில்: ஆர்வம் இல்லை என்பதுதான் உண்மை. ஆஃப்சைடு என்றால் என்ன என்று என் பேரன் சோழிகளைத் தரையில் பரப்பி மூன்று முறை விளக்கியிருக்கிறான். மூன்று முறையும் தலையாட்டினேனே தவிர, இன்றும் எனக்கு அது பிடிபடவில்லை. விடுமுறைக்கு வந்திருந்த அவன்தான் ஓர் இரவு ‘டியாகோ மரடோனா’ என்ற அந்தப் படத்தைப் போட்டான். மரியாதைக்கு அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டுத் தூங்கப் போய்விடலாம் என்று நினைத்தவன், ஏறத்தாழ 130 நிமிடமும் பார்த்துவிட்டுத்தான் எழுந்தேன்.

காரணம் எளிது. இந்தப் படம் பந்தைப் பார்ப்பதைவிட ஆளைத்தான் அதிகம் பார்க்கிறது. இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத் தெருக்களில் கார்கள் தலைதெறிக்க ஓடுவதில் படம் தொடங்குகிறது. அது 1984 ஜூலை 5. சான் பாவ்லோ மைதானத்தில் அன்று ஆட்டம் எதுவும் கிடையாது. அந்த நகரின் கால்பந்து கிளப் புதிதாக வாங்கிய வீரரைக் கண்ணால் பார்ப்பதற்கு மட்டுமே பல்லாயிரம் பேர் திரண்டிருக்கிறார்கள். புகைப்படக்காரர்கள் முண்டியடிக்க, காவலர்கள் தள்ள, சுருட்டை முடியும் குள்ளமான கட்டுமஸ்தான உடம்பும் கொண்ட 23 வயது இளைஞர் ஒருவர் அந்த நெரிசலுக்குள்ளிருந்து பிதுங்கி வெளியே வருகிறார். அந்தக் கூட்டத்தைப் பார்த்தபோது எனக்குத் தேர்த்திருவிழாதான் நினைவுக்கு வந்தது. ஆனால் நம் ஊரில் தேர் இழுப்பவர்கள் எவரும் சாமியின் சட்டையைப் பிடித்து இழுப்பதில்லை. அதன் பிறகு படம் முழுவதும், இந்த மனிதர் தனியாக இருக்கும் ஒரு காட்சியாவது வராதா என்று தேடிக்கொண்டே இருந்தேன். உடை மாற்றும் அறை, உணவு மேஜை, கார், விருந்து என்று எங்கே போனாலும் யாரோ ஒருவரின் கை அவர் தோளிலோ தலையிலோ இருக்கிறது. ஆஃப்சைடு தெரியாதவர்களுக்கும் இது புரியும்.

கேள்வி: நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய காட்சிகள் இவ்வளவு நெருக்கமாக எப்படிக் கிடைத்தன? நடிகர்களை வைத்து எடுத்ததா?
– வாசகர் ஒருவர், விருதுநகர்

பதில்: இல்லை, அத்தனையும் அசல். படத்தை இயக்கிய ஆசிஃப் கபாடியா, குஜராத்திலிருந்து குடிபெயர்ந்த குடும்பத்தில் லண்டனில் பிறந்தவர். கார்ப் பந்தய வீரர் அயர்டன் சென்னாவைப் பற்றியும் பாடகி ஏமி வைன்ஹவுஸைப் பற்றியும் அவர் முன்பே எடுத்த ஆவணப்படங்கள் புகழ்பெற்றவை. இரண்டாவது படத்துக்கு ஆஸ்கார் விருது கிடைத்தது. மரடோனா படம் 2019இல் கான் திரைப்பட விழாவில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது.

எண்பதுகளின் தொடக்கத்தில் மரடோனாவின் முதல் முகவராக இருந்த ஹோர்ஹே சிட்டெர்ஸ்பிலர், தம் நண்பரைப் பற்றி ஒரு படம் எடுக்கும் எண்ணத்தில் ஒளிப்பதிவாளர்களை அமர்த்தி, அவரை எங்கும் பின்தொடரச் செய்தார். அந்தப் படம் முடியவே இல்லை. நாடாக்களில் ஒரு பகுதி நேப்பிள்ஸிலும், இன்னொரு பகுதி புவெனஸ் அயர்ஸில் மரடோனாவின் முன்னாள் மனைவியின் வீட்டில் ஒரு பெட்டியிலும் பல்லாண்டுக் காலம் கிடந்தன. இப்படிச் சேர்ந்த 500 மணி நேரத்துக்கும் மேற்பட்ட காட்சிகளிலிருந்துதான் இந்தப் படம் வடிக்கப்பட்டிருக்கிறது. எண்பதுகளில் நம் வீட்டுக் கல்யாணங்களில் எடுத்த வீடியோவை நினைத்துக்கொள்ளுங்கள். அதே கசிந்த சிவப்பு, அதே நடுங்கும் கேமரா. அந்தக் கால நாடாவுக்கு அழகுபடுத்தத் தெரியாது என்பதே அதன் பலம்.

ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து பேசும் பிரமுகர்கள் எவரையும் கபாடியா காட்டுவதில்லை; மரடோனா உட்பட எல்லோரும் குரலாக மட்டுமே வருகிறார்கள். காட்சி அறுபடாமல் ஓடுவதற்கு இது உதவுகிறது என்றாலும், முப்பது ஆண்டு கழித்து ஒருவர் தம்மைப் பற்றிச் சொல்லும்போது அவர் முகத்தையும் பார்த்தால்தானே அந்தப் பேச்சை எடைபோட முடியும்? இந்த உத்தியில் குரலுக்குச் சொந்தக்காரர் கொஞ்சம் எளிதாகத் தப்பித்துக்கொள்கிறார்.

கேள்வி: நான் முப்பது ஆண்டு உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன். கையால் தட்டி கோல் போட்டவரைக் கடவுளாகக் கொண்டாடும் படத்தை நீங்கள் பரிந்துரைக்கலாமா?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், தூத்துக்குடி

பதில்: ஐயா, உங்கள் கோபம் நியாயமானது, ஆனால் அந்தக் கோலுக்கு ஒரு பின்கதை இருக்கிறது, படம் அதை ஒளிக்கவில்லை.

1986 ஜூன் 22, மெக்சிகோ நகரின் அஸ்டெகா மைதானத்தில் உலகக் கோப்பைக் கால் இறுதி. அர்ஜென்டினாவும் இங்கிலாந்தும் மோதுகின்றன. நான்கு ஆண்டுகளுக்கு முன்புதான், மால்வினாஸ் என்று அர்ஜென்டினாவும் ஃபாக்லாந்து என்று பிரிட்டனும் சொல்லும் தீவுகளுக்காக இரு நாடுகளும் போரிட்டன, அர்ஜென்டினா தோற்றது. 51ஆவது நிமிடத்தில், தம்மைவிட மிகவும் உயரமான கோல்கீப்பர் பீட்டர் ஷில்டனுக்கு முன்னால் எழும்பி, இடது கையால் மரடோனா பந்தைத் தட்டி உள்ளே அனுப்புகிறார். துனீசியாவைச் சேர்ந்த நடுவர் கண்ணில் அது படவில்லை. இங்கிலாந்து வீரர்கள் கையைக் காட்டிக் காட்டி முறையிட்டும் பயனில்லை. பிற்பாடு, அதில் கொஞ்சம் மரடோனாவின் தலையும் கொஞ்சம் கடவுளின் கையும் இருந்ததாக அவரே சொன்னார். போரில் தோற்றதற்கு ஒருவிதப் பழிதீர்ப்பாகவே அது இருந்தது என்று படத்தில் அவர் குரல் சொல்கிறது. பிரிட்டனில் பிறந்த இயக்குநர் இதைக் கண்டித்து ஒரு சொல்லும் சேர்க்காமல் அப்படியே விட்டிருப்பதை நான் ரசித்தேன். உங்களால் ரசிக்க முடியாமல் போகலாம்.

நான்கே நிமிடம் கழித்து, 55ஆவது நிமிடத்தில், தம் அணியின் பாதியிலேயே பந்தை வாங்கிய அதே மனிதர், எதிரே வந்தவர்களை ஒவ்வொருவராகக் கடந்து, கோல்கீப்பரையும் ஏமாற்றி இரண்டாவது கோலைப் போடுகிறார். எல்லாம் சுமார் பத்து விநாடிக்குள். வர்ணனை சொல்லிக்கொண்டிருந்த உருகுவே நாட்டவர் விக்டர் ஹூகோ மொராலெஸ் அழுதேவிட்டார். அண்டவெளிப் பட்டமே, எந்தக் கிரகத்திலிருந்து வந்தாய் என்று அவர் கேட்டது அர்ஜென்டினாவில் இன்றும் பலருக்கு மனப்பாடம். நூலில் கட்டிப் பறக்கவிடும் அந்தப் பட்டத்தைத்தான் சொன்னார். காற்றில் அது எந்தப் பக்கம் சாயும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாதல்லவா? முதல் கோலுக்கு நீங்கள் பூஜ்யம் போடுங்கள், ஐயா. இரண்டாவதற்கு எவ்வளவு போடுவீர்கள் என்று எழுதினால் மகிழ்வேன்.

கேள்வி: பார்சிலோனா போன்ற பெரிய கிளப்பை விட்டுவிட்டு அவர் ஏன் நேப்பிள்ஸுக்குப் போனார்? அந்த ஊர்க்காரர்கள் இன்றும் அவர் படத்தைச் சுவரில் வரைந்து வைத்திருக்கிறார்களாமே?
– வாசகர் ஒருவர், சேலம்

பதில்: அவர் விட்டுவிட்டுப் போனார் என்பதைவிட வேறு வழியில்லாமல் போனார் என்பது பொருத்தம். பார்சிலோனாவில் இருந்த இரண்டு ஆண்டுகளில் மஞ்சள் காமாலை, கணுக்கால் முறிவு, கடைசியாக ஸ்பெயின் அரசர் முன்னிலையில் நடந்த கோப்பை இறுதி ஆட்டத்தில் அடிதடி என்று எதுவும் சரியாக அமையவில்லை. அந்த நேரத்தில் அவரை உலகச் சாதனை விலைக்கு வாங்கத் துணிந்தது, இத்தாலியின் முதல் பிரிவிலிருந்து கீழே இறங்காமல் மயிரிழையில் தப்பியிருந்த நேப்பிள்ஸ் கிளப்.

எனக்குப் படத்தின் மிக வளமான பகுதி இதுதான். இத்தாலியில் வடக்குப் பணக்கார வடக்கு, தெற்கு ஏழைத் தெற்கு. தெற்கின் பெரிய நகரம் நேப்பிள்ஸ். அங்கே 1973இல் காலரா பரவியது. 1980 நவம்பரில் நிலநடுக்கம் அந்த வட்டாரத்தைக் குலைத்தது. இந்த இரண்டு துயரங்களையும் எடுத்து வடக்கு நகர மைதானங்களில் பாட்டாகக் கட்டிப் பாடுகிறார்கள்: காலராக்காரர்களே, நிலநடுக்கக்காரர்களே, சோப்பையே பார்க்காதவர்களே! குளித்துவிட்டு வாருங்கள் என்று பதாகை பிடிக்கிறார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் சிரித்துக்கொண்டே அதைப் பாடுவதைப் பார்க்கையில் எனக்குக் கூசிப்போயிற்று. புவெனஸ் அயர்ஸின் ஓரத்தில், வில்லா ஃபியோரிட்டோ என்ற சேரியில் வளர்ந்த ஒருவருக்கு அந்தப் பாட்டின் பொருளை எவரும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அவர் வரும்வரை நேப்பிள்ஸ் ஒரு தடவைகூட இத்தாலியச் சாம்பியன் ஆனதில்லை. 1987 மே மாதம் ஆனது. அதன் பிறகு அந்த நகரத்தில் நடந்த கொண்டாட்டத்தை நீங்கள் படத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். கல்லறைத் தோட்டத்துச் சுவரில், ‘நீங்கள் எதைத் தவறவிட்டீர்கள் என்று உங்களுக்குத் தெரியாது’ என்று உள்ளே இருப்பவர்களுக்காக யாரோ எழுதிவைத்தார்களாம். மறுநாள் அதற்குக் கீழே, ‘தவறவிட்டோம் என்று உங்களுக்கு யார் சொன்னது?’ என்று பதில் இருந்ததாக அவ்வூரில் ஒரு கதை உண்டு. மரடோனாவிடமிருந்து சோதனைக்கு எடுத்த இரத்தத்தை ஒரு செவிலியர் சான் ஜென்னாரோ தேவாலயத்தில் கொண்டுபோய் வைத்தார் என்பதும் படத்தில் வருகிறது. உறைந்த இரத்தம் திருநாளில் உருகுவதாக நம்பப்படும் புனிதரின் கோயில் அது. ஆகவே அந்தப் பெண் செய்தது ஒரு வேண்டுதல்தான், வேடிக்கை இல்லை.

கேள்வி: பேலேயா, மரடோனாவா, மெஸ்ஸியா? யார் பெரியவர்?
– கல்லூரி மாணவர், புதுச்சேரி

பதில்: சோழிகளை வைத்து விளக்கியும் ஆஃப்சைடு புரியாதவனிடம் கேட்க வேண்டிய கேள்வியா இது, தம்பி?

கேள்வி: அவ்வளவு கொண்டாடிய ஊர் அவரை ஏன் கைவிட்டது? போதைப்பொருள் மட்டும்தான் காரணமா?
– வாசகி ஒருவர், மதுரை

பதில்: போதை காரணம்தான், ஆனால் எல்லோருக்கும் முன்பே தெரிந்த ஒன்று, திடீரென்று ஒருநாள் எல்லோருக்கும் குற்றமாகத் தெரிந்தது எப்படி என்பதைத்தான் படம் கவனித்துக் காட்டுகிறது.

நேப்பிள்ஸில் கமோரா என்ற குற்றக் கும்பல்களின் வலை பரந்தது. மரடோனா வந்திறங்கிய முதல் நாளின் செய்தியாளர் கூட்டத்திலேயே, அவரை வாங்கிய பணத்தில் கமோராவுக்குப் பங்கு உண்டா என்ற பொருளில் ஒரு செய்தியாளர் கேட்டுவிடுகிறார். கிளப்பின் தலைவர் கொர்ராதோ ஃபெர்லாய்னோ கொதித்துப்போகிறார். சில காலம் கழித்து ஃபொர்ச்செல்லா பகுதியின் ஜூலியானோ கும்பலோடு மரடோனா நெருங்குகிறார். அவர்கள் வீட்டில், பெரிய சிப்பி வடிவக் குளியல் தொட்டிக்கு முன்னால் சிரித்தபடி நிற்கும் அவருடைய புகைப்படம் பிற்பாடு ஊரெல்லாம் சுற்றியது. ஞாயிறு ஆட்டம் முடிந்த இரவு தொடங்கிப் புதன்கிழமை வரை கொக்கெய்ன், அதன் பிறகு அடுத்த ஞாயிறுக்குள் வியர்த்து வியர்த்து உடம்பைச் சுத்தம் செய்வது என்று வாரத்துக்கே ஒரு கால அட்டவணை இருந்தது.

1989இல் ஐரோப்பிய கிளப்புகளுக்கான யூஃபா கோப்பையை வென்றுகொடுத்த பிறகு அவர் ஊரை விட்டுப் போக விரும்பினார். ஃபெர்லாய்னோ விடவில்லை, தாம் மரடோனாவின் சிறைக்காவலராக இருந்ததாக அவரே படத்தில் ஒப்புக்கொள்கிறார். அடுத்த ஆண்டு உலகக் கோப்பை இத்தாலியில் நடந்தபோது விதியின் விளையாட்டைப் பாருங்கள்: இத்தாலிக்கும் அர்ஜென்டினாவுக்குமான அரையிறுதி, 1990 ஜூலை 3 அன்று, வேறெங்கும் இல்லாமல் அதே நேப்பிள்ஸ் மைதானத்தில் அமைந்தது. ஆண்டு முழுவதும் உங்களை இத்தாலியர்களாகவே மதிக்காதவர்கள் இந்த ஒருநாள் மட்டும் இத்தாலியர்களாக இருக்கச் சொல்கிறார்களே என்று மரடோனா நகர மக்களிடம் பேசினார். ‘மரடோனா, நேப்பிள்ஸ் உன்னை நேசிக்கிறது, ஆனால் இத்தாலி எங்கள் தாய்நாடு’ என்று மக்கள் பதாகையில் பதில் எழுதினார்கள். இதைவிடக் கண்ணியமான பதில் இருக்க முடியுமா? ஆட்டம் 1–1 என்று முடிந்து, பெனால்டிகளில் இத்தாலி தோற்றது. அவற்றுள் ஒன்றை அடித்தவர் மரடோனா.

அத்துடன் காப்பு கழன்றது. ரோமில் நடந்த இறுதி ஆட்டத்தில் அர்ஜென்டினாவின் தேசிய கீதத்தை அரங்கமே ஊளையிட்டு அடக்கியது. வரிசையில் நின்ற மரடோனா கேமரா தம் முகத்துக்கு வரும்வரை காத்திருந்து கெட்ட வார்த்தையில் திட்டினார். அடுத்த சில மாதங்களில் தொலைபேசி ஒட்டுக்கேட்பு, வழக்கு, நாளிதழ்களின் தலைப்புச் செய்தி என்று ஒவ்வொன்றாக வந்தன. 1991 மார்ச் 17 அன்று பாரி அணியுடன் ஆடிய பின் எடுத்த சோதனையில் கொக்கெய்ன் தெரிந்தது. 15 மாதத் தடை விதிக்கப்பட்டது. ஏப்ரல் தொடங்கும்போது இரவோடு இரவாக அவர் ஊரைவிட்டுப் போனார். வரும்போது கூடிய கூட்டத்தில் வழியனுப்ப ஒருவர்கூட இல்லை.

அந்த 1990ஆம் ஆண்டு இறுதியில் நடந்த ஒரு விருந்துக் காட்சி என் கண்ணைவிட்டு அகலவில்லை. சுற்றிலும் எல்லோரும் சிரித்துப் பேசிக்கொண்டிருக்க, கேமரா மெல்ல மெல்ல மரடோனாவின் முகத்தை நெருங்குகிறது. கண்கள் திறந்திருக்கின்றன; ஆள் அங்கே இல்லை. நான் தேடிக்கொண்டிருந்த தனிமை, கூட்டத்துக்கு நடுவிலேயே கிடைத்துவிட்டது.

கேள்வி: டியாகோ ஒருவர், மரடோனா இன்னொருவர் என்று படம் சொல்வதாக ஒரு விமர்சனத்தில் படித்தேன். அதை நீங்கள் ஏற்கிறீர்களா?
– வாசகர் ஒருவர், திருச்சி

பதில்: முழுவதும் ஏற்கவில்லை. அது மரடோனாவின் தனிப் பயிற்சியாளராக இருந்த ஃபெர்னாண்டோ சிக்னொரினி சொன்னது. அவர் கணக்கில் டியாகோ என்பவர் அச்சமும் தயக்கமும் கொண்ட அருமையான பையன். மரடோனா என்பது கால்பந்து வணிகத்தையும் பத்திரிகைகளையும் எதிர்கொள்வதற்காக அந்தப் பையன் போட்டுக்கொண்ட வேடம். டியாகோவுடன் உலகத்தின் கடைசி எல்லை வரை வருவேன், மரடோனாவுடன் ஓரடிகூட எடுத்து வைக்க மாட்டேன் என்று சிக்னொரினி சொல்ல, மரடோனா இல்லாவிட்டால் நான் இன்னும் வில்லா ஃபியோரிட்டோவில்தான் இருந்திருப்பேன் என்று அவர் பதில் சொன்னாராம். அழகான உரையாடல். இயக்குநருக்கும் பிடித்துப்போய், படத்தின் முதுகெலும்பாகவே ஆக்கிவிட்டார்.

ஆனால் நல்லதையெல்லாம் டியாகோ கணக்கிலும் கெட்டதையெல்லாம் மரடோனா கணக்கிலும் எழுதுகிற வசதி நம் எல்லோருக்கும் கிடைத்தால் நன்றாகத்தான் இருக்கும். இங்கிலாந்துக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் விழுந்த இரண்டு கோல்களை எடுத்துக்கொள்ளுங்கள். கையை நீட்டியவர் யார், ஓடியவர் யார்? நான்கு நிமிடத்துக்குள் ஆள் மாறிவிட்டாரா? இரண்டுமே, கிடைத்த இடைவெளியை விடக்கூடாது என்று சேரியில் கற்ற ஒரே பையன் செய்தவை என்றுதான் எனக்குப் படுகிறது.

இன்னொன்று இதைவிடக் கனமானது. உலகக் கோப்பையை வென்ற மூன்றே மாதத்தில், 1986 செப்டம்பரில், நேப்பிள்ஸில் ஓர் இளம்பெண்ணுக்கு ஆண் குழந்தை பிறக்கிறது. மருத்துவமனைக் கட்டிலில் இருந்தபடியே, குழந்தையின் தகப்பன் மரடோனா என்று அவர் தொலைக்காட்சிக்குச் சொல்கிறார். குழந்தைக்கு டியாகோ அர்மாண்டோ என்றே பெயர். மரடோனா மறுத்தார், மரபணுச் சோதனைக்கு உடன்படவும் மறுத்தார். இத்தாலிய நீதிமன்றம் தந்தை அவரே என்று தீர்ப்பளித்த பிறகும், அந்த மகனைத் தம் மகன் என்று அவர் மனதார அணைத்துக்கொண்டது 2016இல்தான்; அதற்குள் மகனுக்கு ஏறத்தாழ முப்பது வயது. பதினைந்து வயதிலிருந்தே பெற்றோரையும் உடன்பிறந்தோரையும் தாங்கியவர், குடும்பத்துக்காக உருகுகிறவர் என்று படம் காட்டும் அதே டியாகோதான் இதையும் செய்தார். கொக்கெய்னை என்னால் மன்னிக்க முடிந்தது, கையால் போட்ட கோலையும் மன்னித்துவிட்டேன், இதை முடியவில்லை. அந்தப் பெண்ணின் குரலைப் படத்தில் சேர்த்தமைக்காக இயக்குநருக்கு நன்றி சொல்ல வேண்டும். இன்னும் கொஞ்ச நேரம் பேசவிட்டிருக்கலாம்.

கேள்வி: மரடோனா இந்தப் படத்தைப் பார்த்தாரா? அவருடைய மரணமும் இதில் வருகிறதா?
– வாசகர் ஒருவர், கோவை

பதில்: மரணம் வராது. படம் வெளிவந்தது 2019இல். அவர் இறந்தது 2020 நவம்பர் 25 அன்று. தம் குரலைப் படத்துக்குக் கொடுத்தவர்தான் என்றாலும், விளம்பரத்தில் தம்மைக் கலகக்காரர், நாயகர், கடவுள் என்பதோடு நிறுத்தாமல் எத்தன் என்றும் போட்டுவிட்டார்கள் என்று அவருக்குக் கோபம். ரசிகர்கள் பார்க்கவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவர் இறந்த சில நாட்களில் சான் பாவ்லோ மைதானத்துக்கு நேப்பிள்ஸ் அவர் பெயரையே சூட்டியது.

கேள்வி: என் மகனுக்குப் பதினான்கு வயது. பள்ளி அணியில் விளையாடுகிறான். இந்தப் படத்தை அவனுக்குக் காட்டலாமா?
– தாயார் ஒருவர், நாகர்கோவில்

பதில்: காட்டலாம், அம்மா, ஆனால் பக்கத்தில் நீங்களும் உட்கார்ந்திருங்கள். போதை, தகாத உறவுகள் பற்றிய பேச்சு உண்டு. துணைவரிகளில் வசைச் சொற்கள் உண்டு. குரல்கள் பெரும்பாலும் ஸ்பானிய மொழியிலும் இத்தாலிய மொழியிலும் இருப்பதால், ஆங்கிலத் துணைவரிகளைப் படித்துக்கொண்டேதான் பார்க்க வேண்டும். என் வயதுக்காரர்கள் கண்ணாடியை எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. கடைசி அரைமணி நேரம் கனமானது. பருத்துப்போன உடம்பும் கலங்கிய கண்களுமாக அவர் வரும் இடங்களில் என் பேரன் பேசவே இல்லை.

படம் முடிந்ததும் அவன் பின்னால் ஓட்டி, இங்கிலாந்துக்கு எதிரான இரண்டாவது கோலை மூன்று முறை போட்டுப் பார்த்தான். கூடவே நானும் பார்த்தேன். பந்து உள்ளே போகப்போகும் நேரத்தில் பின்னாலிருந்து ஒருவர் காலை விடுகிறார், மரடோனா சரிகிறார். கோல் விழுந்துவிடும் என்று தெரிந்திருந்தும், மூன்று முறையும் எனக்கு அந்த இடத்தில் மூச்சு நின்றது.